தேறியவர்களுக்கு



பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர் தன்னம்பிக்கை பற்றிப் பேசியாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். நானும் அதைத்தான் பேசப்போகிறேன். சொல்லை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். தன்னம்பிக்கை மேடையிலும் சுவரொட்டியிலும் புழங்கித் தேய்ந்துவிட்டது. அதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: தேற்றம்.

‘தேறு’ என்பதிலிருந்து வந்த சொல். தேர்வில் தேறினீர்கள். காய்ச்சலில் கிடந்தவர் தேறிவிட்டார் என்கிறோம். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் கலங்கல் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். கணக்கில், நிரூபித்துக் காட்டிய முடிவுக்கே தேற்றம் என்று பெயர். தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் தேற்றமும் ஒன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ஆளைச் சோதித்துப் பார்த்து, அதன் பிறகு நம்புவதைப் பேசுகிறது. அந்த நம்பிக்கைக்கும் தேறுதல் என்றே பெயர். எங்கே பார்த்தாலும் முதலில் ஒரு கலக்கம், பிறகு ஒரு சோதனை. அவை இல்லாமல் இந்தச் சொல் பிறப்பதில்லை. அப்படிச் சோதனையில் தேறிய ஒரு கணக்கின் கதையைச் சொல்கிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. வழியில் போட்ட கணக்கு ஒரு விபரீதமான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது: எரிந்து முடிந்த விண்மீனின் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால், அது வெண்குறுமீன் என்னும் சுருங்கிய விண்மீனாக அடங்கி நிற்க முடியாது. அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்கிறது இன்றைய கணக்கு. கேம்பிரிட்ஜில் அதை மறுபடி மறுபடி, இன்னும் துல்லியமாகப் போட்டுப் பார்த்தார். கணக்கு எப்படிப் போகிறது என்று அடிக்கடி வந்து விசாரித்தவர் ஆர்தர் எடிங்டன்; 1919 கிரகணப் பயணத்தால் உலகப் புகழ் பெற்றவர்.

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் முடிவைப் படித்தார். அடுத்து எழுந்த எடிங்டன், விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாதபடி இயற்கையே தடுத்துவிடும் என்று பேச, அரங்கு சிரித்தது. எடிங்டனிடம் தன்னம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அன்று அந்த அறையில் அதிகமாக இருந்தது அதுதான். அந்த 24 வயது இளைஞரிடம் அது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் கணக்கில் தேற்றம் இருந்தது. சிரிப்புச் சத்தம் கணக்கை அசைக்காது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். காலமெல்லாம் மல்லுக்கட்டவில்லை. 1939இல் எல்லாவற்றையும் ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். எடிங்டனோடு நட்பையும் முறிக்கவில்லை. நோபல் பரிசு 1983இல் வந்தது. இந்தப் பொறுமை எனக்குச் சத்தியமாக வராது.

நிற்க. உங்களில் ஒருவரோ இருவரோ சந்திரசேகர் நின்ற அந்த மேடையில் நிற்கலாம். மற்ற நாம் எல்லாரும் கீழே நாற்காலியில் இருப்போம். அந்த நாட்களில் நீல்ஸ் போர், வுல்ஃப்காங் பவுலி போன்ற பெரியவர்கள் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வெளிப்படையாக ஒரு வரி எழுதித்தர அவர்கள் முன்வரவில்லை. அவர்களுக்கும் தேற்றம் இருந்தது. சட்டைப் பையிலேயே இருந்தது. நாளை உங்கள் அலுவலகக் கூட்டத்தில் புதிதாக வந்த ஒருவர் சரியான கணக்கைச் சொல்வார், மேலதிகாரி ஒரு நகைச்சுவை சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அப்போது கையைத் தூக்குவீர்களா?