வலி போனால் போதுமா? காலுக்கு நிதானமும் திரும்பணும்

(கூட்டமைப்பு உறுப்பினர்களுக்காக வேளச்சேரியில் நடந்த ஒரு நாள் பயிற்சியில், அந்தப் பகுதியில் பணிபுரியும் பெண் இயன்முறை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



முதல்ல ஒரு கேள்வி. இந்த ஒரு வருஷத்துல கால் பிரண்டவங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க. பாதிப் பேருக்கு மேல தூக்கியிருக்கீங்க. சரி, அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க? ரெண்டே கை. "சுளுக்குக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா"ன்னு பின்னாடி ஒரு அக்கா சொல்றது கேட்குது. அதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

என்கிட்ட வந்த ஒரு அம்மாவோட கதையைச் சொல்றேன். இங்கே வேளச்சேரியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவங்க. உங்களை மாதிரியே குழு உறுப்பினர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பகுதி எப்படி மூழ்கியதுன்னு டிவியில் பார்த்திருப்பீங்க. முழங்கால் தண்ணியில் நடந்து போனவங்க, ரோட்டோரப் பள்ளம் தெரியாமல் காலை வெச்சுட்டாங்க. பாதம் உள்பக்கமா மடங்கி, வெளிப்பக்கக் கணு வீங்கிப் போச்சு. எண்ணெய் போட்டு உருவி விட்டாங்க. மூணாம் நாள் வேலைக்குப் போயிட்டாங்க. பத்து நாளில் வலியும் போச்சு.

ஆனா அடுத்த ஒரு வருஷத்துல அதே கால் மூணு தடவை பிரண்டுச்சு. கடைசியா மாடிப்படியில். கையில் குடம் இருந்தது. கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது. மூணு மாசம் வேலை இல்லை. குழுக் கடன் தவணை மூணும் நின்னு போச்சு. "காலில் வலியே இல்லையே மேடம், அப்புறம் ஏன் பிரளுது?"ன்னு அழுதாங்க. அவங்க கேட்டது சரியான கேள்வி.

ஏன் மறுபடி மறுபடி பிரளுது?

கணுக்கால் எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கிறது நார்கள். பந்தல் காலைக் கயிறு கட்டி நிறுத்துற மாதிரி. பாதம் உள்பக்கமா மடங்கினா வெளிப்பக்க நார் அறுபடும், இல்லாட்டி இழுபட்டுப் போகும். இதைத்தான் சுளுக்குன்னு சொல்றோம்.

ஆனா அந்த நார் வெறும் கயிறு இல்லைங்க. அதுக்குள்ளே நரம்பு முனைகள் இருக்கு. "கால் சாயுது, பிடி"ன்னு மூளைக்குச் சேதி அனுப்புறது அதுங்கதான். வரப்பில் கால் வழுக்கினால், நீங்க யோசிக்கிறதுக்கு முன்னாலேயே கால் தன்னைத் தானே சரி செஞ்சுக்குதே, அது இந்தச் சேதியால்தான். சுளுக்கு விழும்போது கயிறோட சேர்ந்து இந்த ஒயரும் கெட்டுப் போகுது. வீக்கம் வடிஞ்சுடும், வலி போயிடும், சேதி மட்டும் தாமதமாப் போகும். அதுக்குள்ளே கால் மடங்கிடும்.

இதை 1965லேயே இங்கிலாந்து எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமனும் அவரோடு வேலை செய்தவங்களும் எழுதினாங்க. ஆடுற பலகை மேல நின்னு பழகினவங்களுக்குக் கால் பிரளுறது குறைஞ்சுதுன்னு காட்டினாங்க. அப்போ தெரியுது இல்லையா? கெட்டுப்போன சேதியைப் பழக்கத்தால திரும்பக் கொண்டு வரலாம்.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992ல் ஒரு விதி சொன்னாங்க. இன்னிக்கும் உலகம் பூரா அதைத்தான் பார்க்கிறோம். அடிபட்ட கையோடு நாலு அடி எடுத்து வைக்க முடியலை, டாக்டர் முன்னாடியும் முடியலை. அல்லது கணு எலும்பை, பாதத்தின் நடு எலும்பை, சுண்டுவிரல் பக்க எலும்பை விரலால அமுக்கினா துடிக்குது. இப்படின்னா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். எலும்பு விட்டிருக்கலாம். அந்தக் காலைப் போய் உருவி விட்டால் கேடுதான். கால் கோணிப் போயிருந்தாலோ, விரல் மரத்து நீலமானாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க.

முதல் ரெண்டு மூணு நாள்

காலைத் தலையணை மேல உயர்த்தி வையுங்க. கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேலே சுத்துங்க. விரல் மரத்தா உடனே தளர்த்துங்க. தூங்கும்போது கழட்டிடுங்க. வலி தாங்கலைன்னா துண்டில் சுத்தின ஐஸ் கட்டியைப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் வைக்கலாம். சர்க்கரை நோயால பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சவங்க ஐஸும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். அழுத்தித் தேய்க்கிறது, உருவுறது, சுடு ஒத்தடம் எல்லாம் இந்த நாட்களில் கூடாது. உள்ளே ரத்தக் கசிவு கூடி வீக்கம் ஏறும்.

"அசையாமப் படு, ஐஸ் வை"ன்னு 1978ல் எழுதினவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின். அதிக ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம்னு பிற்காலத்தில் அவரே மாத்திச் சொன்னார். அதனால ஒரேயடியா படுக்கவும் வேண்டாம், மூணாம் நாளே குடம் தூக்கவும் வேண்டாம். வலி பொறுக்கிற அளவுக்குக் காலை ஊன்றி நடங்க.

காலுக்கு அ, ஆ, இ, ஈ

மூணு நாலு நாள் கழிச்சு, திண்ணையில் உட்கார்ந்து கட்டைவிரலால காத்துல அ, ஆ, இ, ஈ எழுதுங்க. குழுவில் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க நம்மில் எத்தனையோ பேர். இப்போ காலுக்குக் கத்துக் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு மூணு வேளை.

ஊன்றி நடக்க வந்ததும், அடுப்பு மேடையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு குதிகாலையும் தூக்கி மெதுவா இறக்குங்க. பத்துப் பத்தா மூணு தடவை.

ரெண்டாவது வாரம் வாக்கில், வலி குறைஞ்சிருந்தா, ஒத்தைக் காலில் நிக்கணும். சுவர் ஓரமா, விரலால தொட்டுக்கிட்டு பத்து வினாடி. பிறகு கையை எடுங்க. முப்பது வினாடி வந்ததும், மடிச்ச ஜமுக்காளத்து மேல நில்லுங்க. ஆடுற பலகை செய்யுற வேலையில் பாதியை இதுவே செய்யும். கடைசியா, பக்கத்தில் ஆள் இருக்கும்போது கண்ணை மூடி நில்லுங்க. அப்புறம் தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் குதியை அடுத்த கால் விரலோடு ஒட்டி நடங்க. வயசானவங்க, தலைசுத்தல் உள்ளவங்க, கர்ப்பிணிகள் பிடிமானம் இல்லாமச் செய்யாதீங்க.

லேசான சுளுக்கு ரெண்டு வாரத்தில் தேறும். நார் அறுந்திருந்தா ஆறு வாரத்திலிருந்து மூணு மாசம் ஆகும். வலி போன பிறகும் பயிற்சியை நிறுத்தாதீங்க. சோதிக்க ஒரு வழி: நல்ல காலில் எவ்வளவு நேரம் நிக்கிறீங்களோ, அடிபட்ட காலிலும் அவ்வளவு நேரம் ஆடாம நிக்கணும். அதுவரைக்கும் தலைச்சுமையோட வரப்பு ஏற வேண்டாம்.

அந்த அம்மா ரெண்டு மாசம் பல் தேய்க்கும்போதெல்லாம் ஒத்தைக் காலில் நின்னாங்க. ஒரு பைசா செலவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மறுபடி தண்ணியில் நின்னப்போ, அதே தெருவில் நடந்து வந்தாங்க. கால் பிரளலை.

உங்க ஊர்ல வழி இருக்கு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க முடியாதவங்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு. அதில் வீடு வீடா வர்ற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து வந்தவங்கதான். கூச்சப்படாமக் கேளுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதும்போது, "யாருக்காவது கால் பிரண்டுச்சா? ஒத்தைக் காலில் நின்னீங்களா?"ன்னு ஊக்குநர் ஒரு வார்த்தை கேளுங்க. தனியாச் செய்யுறது நாலு நாளில் விட்டுப் போயிடும். பத்துப் பேர் கேட்டா விடாது.

டீ வர இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. சுவர் ஓரமா எல்லாரும் வாங்க. பக்கத்துல இருக்கிறவங்க தோளைத் தொட்டுக்கோங்க. வலது காலைத் தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு...