விளையாட்டில் தோற்றவர்கள் யுத்தத்தில் இறங்கிய கதை

(படிப்பு வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யுத்த விளையாட்டு என்றதும், சிறுவர்கள் மரத் துப்பாக்கி ஏந்தி ஓடுவது உங்கள் நினைவுக்கு வரலாம். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. தளபதிகளும் ராஜதந்திரிகளும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, "எதிரி இப்படிச் செய்தால் நாம் என்ன செய்வோம்?" என்று ஆடிப் பார்க்கிறார்களே, அந்த விளையாட்டைப் பற்றித்தான்.

இதன் பூர்வீகம் பிரஷ்யா. 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, வரைபடத்தின் மீது கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, நடுவரை வைத்து ஆடும் முறையைத் தமது ராணுவத் தலைமைக்குக் காட்டினார். பிரஷ்ய ராணுவம் அதைப் பயிற்சியாக ஏற்றது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், ராஜீய நெருக்கடிகளை ஆராயவும் இதைக் கையாண்டது.

இதில் பயன் உண்டா? உண்டு. எவ்வளவு புத்திசாலியானாலும், தன் மனதில் தோன்றாததை ஒருவன் பட்டியல் போட முடியாது. எதிரே வேறொருவனை உட்கார வைத்து ஆடினால், அவன் நாம் நினையாத காயை நகர்த்துவான். நமது அனுமானம் எங்கே ஓட்டை என்பது அப்போது தெரியும். ஆனால் இது ஜோசியம் அல்ல. ஓர் ஆட்டத்தில் நடந்தது உலகத்திலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. அது தருவது எச்சரிக்கை, தீர்ப்பு அல்ல.

அந்த எச்சரிக்கையை ஆளும் வட்டாரம் எப்படி நடத்தியது? இதுதான் கேள்வி.

1964 ஏப்ரலிலும் செப்டம்பரிலும் பென்டகனில் 'சிக்மா' என்ற பெயரில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. வடவியத்நாம் மீது குண்டு வீசினால் ஹனோய் பணியுமா என்று பார்ப்பதே நோக்கம். செப்டம்பர் ஆட்டத்தில் உட்கார்ந்தவர்கள் சாமானியர்கள் அல்ல. ஜனாதிபதியின் ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியும், விமானப்படைத் தளபதி கர்டிஸ் லமேயும் அங்கே இருந்தனர். ஹனோயின் பாத்திரத்தை ஏற்று ஆடியவர்களும் அமெரிக்க அதிகாரிகளே!

முடிவு என்ன? ஆட்டத்தில்கூட ஹனோய் பணியவில்லை. விவசாய நாட்டில் தகர்ப்பதற்குப் பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லை. அடிக்க அடிக்க யுத்தம் பெருகியது. வெற்றி மட்டும் வரவில்லை.

அதன் பிறகும் 1965 மார்ச் 2-ந் தேதி குண்டுவீச்சு தொடங்கியது. அதே மாதம் டா நாங்கில் படைகள் இறங்கின. 1968 இறுதியில் அங்கிருந்த அமெரிக்கத் துருப்புகள் 5 லட்சத்துக்கு மேல்! 1975 ஏப்ரல் 30-ல் யுத்தம் முடிந்தபோது, 58 ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும் லட்சோப லட்சம் வியத்நாமியரும் மாண்டிருந்தார்கள். மேஜை மீது காகிதத்தில் தெரிந்த விஷயத்தை, மனித ரத்தத்தில் மறுபடியும் படித்தார்கள்.

இன்னொரு கதை, 2002 ஜூலை-ஆகஸ்டில் நடந்தது. சுமார் 25 கோடி டாலர் செலவில், 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன், 'மில்லேனியம் சாலஞ்ச்' என்ற ஒத்திகையை அமெரிக்க ராணுவம் நடத்தியது. எதிரி அணிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர். அந்த அணிக்கு வைத்த நிறம் எது தெரியுமா? சிவப்பு! அவர் வானொலியை நம்பவில்லை. மோட்டார் சைக்கிளில் தூது அனுப்பினார். ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் 16 கப்பல்களை ஆட்டத்தில் மூழ்கடித்தார்.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? மூழ்கிய கப்பல்களை மிதக்க விட்டார்கள்! இத்தனை சிப்பாய்களைத் திரட்டிவிட்டுத் தொடக்கத்திலேயே எப்படி நிறுத்துவது என்று சமாதானம் சொன்னார்கள். அதுகூட நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பிறகு எதிரியின் கையைக் கட்டினார்கள். விமான எதிர்ப்பு ராடாரை இயக்கிக் காட்டும்படி அவருக்கே உத்தரவு! அவர் தலைமையிலிருந்து விலகினார். ஜெயித்தது நீல அணி. ஜெயிக்கும்படி எழுதி வைத்த ஆட்டத்தில் எவன்தான் ஜெயிக்கமாட்டான்?

தோழர்களே, இரண்டு கதைகளும் ஒன்றல்ல. முதலாவதில் ஆட்டம் உண்மை பேசியது. அதிகாரம் காது கொடுக்கவில்லை. இரண்டாவதில் ஆட்டத்தின் வாயையே அடைத்தார்கள். குற்றம் பகடையில் இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

ஆகவே எந்த சர்க்காரிடமும் மூன்று கேள்விகள் கேட்போம். எதிரியாக ஆடியவனுக்கு ஜெயிக்கும் சுதந்திரம் இருந்ததா? ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றியது யார், எதற்காக? கசப்பான முடிவுக்கு, முடிவெடுத்தவர்கள் எழுத்தில் பதில் சொன்னார்களா?

நான்காவது ஒன்றும் உண்டு. அந்த மேஜையில் குண்டு விழும் கிராமத்துக்காரனுக்கு நாற்காலி உண்டா? சிப்பாயின் தாய்க்கு உண்டா? சிக்மா அறிக்கைகள் வெகு காலம் ரகசியமாகப் பூட்டிக் கிடந்தன. பூட்டாமல் 1964-லேயே மக்கள் மன்றத்தில் வைத்திருந்தால், பிள்ளையை அனுப்பும் முன் அந்தத் தாய் கேள்வி கேட்டிருப்பாள்.

கட்டை கவிழ்ந்தால் எடுத்து நிறுத்தலாம். கப்பலைக் காகிதத்தில் மிதக்க விடலாம். செத்த மனிதனை யாரும் எழுப்ப முடியாது. யுத்தத்துக்கு நாள் குறிப்பவர்களுக்கு இதை இடைவிடாமல் நினைவூட்டுவது நமது கடமை.