திறந்த கதவும் பொது மேடையும்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பாட்டுக் கட்டுவோர் பலர் ஒரே மேடையிற் கூடும்போது அங்கே விளைய வேண்டியது போட்டியா, உறவா? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள். விழாத்தோறும் பாட்டுப் போட்டி வைக்கின்றோம். முதற் பரிசு, இரண்டாம் பரிசு என்று வழங்குகின்றோம். பரிசு பெறாத பிள்ளை பலவேளை மறுமுறை மேடை ஏறுவதேயில்லை. ஆகையால் இஃது ஆராயத்தக்க விஷயமே.

இதற்கு விடை காண நாம் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. பெரிய புராணமே வழிகாட்டுகின்றது. திருமறைக்காட்டிலே, வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. அடியார்கள் பக்கத்திலே வேறொரு வாயில் அமைத்து, அதன் வழியே புகுந்து வழிபட்டு வந்தனர். அப்பரும் சம்பந்தரும் அங்கே ஒருங்கே எழுந்தருளினர். நேர் வாயிலாற் சென்று தொழ வேண்டும் என்று விரும்பிய சம்பந்தர், கதவு திறக்கப் பாடும்படி அப்பரை வேண்டினார். முதலிடம் மூத்தவருக்குக் கிடைத்தது. அப்பர் பதிகம் பாடினார். கதவு தாமதித்துத் திறந்தது. வழிபாடு முடிந்தபின், கதவு அடைக்கப் பாடும்படி அப்பர் சம்பந்தரை வேண்டினார். முதற் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது.

இதைக் கண்ட அப்பர், இறைவன் திருவுள்ளத்தை அறியாது அயர்த்தேனோ என்று தம்மையே நொந்துகொண்டார். இளையவர்மேல் அவருக்கு அழுக்காறு சிறிதும் எழவில்லை. திறக்க ஒருவர், அடைக்க ஒருவர். இருவரும் பாடினாலன்றி அக்கதவு வழங்கும் கதவாகாது. அன்பர்களே, ஒரு மேடையை இருவர் பகிர்ந்துகொள்வதன் இலக்கணம் இதுவே. அவர்கள் பாடியதன் பயனும் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. பக்கவாயிலிற் புகுந்த மக்களுக்கு நேர் வாயில் கிடைத்தது.

இனி, நாம் வாழும் இம்மலைநாட்டைப் பார்ப்போம். கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் காடழித்துக் கோப்பி நட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள். 1869-ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர், கோப்பிப் பயிர்ச் செய்கையையே பொருளாகக் கொண்டு ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ பாடினார். அதே ஆண்டிலேதான் இலங்கைக் கோப்பியில் இலைநோயும் காணப்பட்டது. பின்னர்க் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கும்மியோ நூலாய் நின்றது. தெல்தோட்டையை அடுத்த போப்பிட்டியில் 1866-இற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் ‘கண்டிக் கலம்பகம்’ பாடினார். கண்டிமீது தமிழ் பாடிய முதன்மையான புலவர் ஓர் இஸ்லாமியர் என்பதை நமது இளைஞர்கள் மறத்தலாகாது. தமிழ் மேடையில் அவருக்கும் நமக்கும் ஒரே பாய்தான் விரிக்கப்பட்டிருக்கின்றது.

பின்னர் வந்தனர் கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாளும். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் ஐயர் பேசினார், அம்மையார் பாடினார். பாரதியார் பாடல்களை லயத்து மக்கள் செவியிற் சேர்த்ததோடு, தாமும் பாட்டுக் கட்டினார். 1940-இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று பாட்டுப் புத்தகமும் வெளியிட்டார். பெண்கள் மேடை ஏறுவதே அரிதாயிருந்த காலத்தில் அவர் செய்த தொண்டு இது. பேச்சை மறந்தவர்களும் பாட்டை மறக்கவில்லை.

இவர்களைத் தொடர்ந்து, சந்தையிலும் திருவிழாவிலும் நின்று பாடி, அச்சிட்ட பாட்டுப் பிரதிகளைச் சில சதத்துக்கு விற்ற பாவலர் கூட்டம் ஒன்று இருந்தது. சினிமா மெட்டிலே சம்பளத்தையும், துரைமாரையும், 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் பாடினார்கள். கற்றோர் அதனை இலக்கியமென்று கொள்ளவில்லை. பிரதிகளும் பெரும்பாலும் கரையான் வாய்ப்பட்டன.

அதற்கும் கீழே, பெயரே இல்லாத புலவர்கள் இருக்கிறார்கள். கொழுந்து பறித்துக்கொண்டே பாடிய பெண்கள், தொட்டில் ஆட்டிய தாய்மார், மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் வாத்தியார்கள்! ரதியும் மதனும் தூதனும் வீரபத்திரனும் வரும் அக்கூத்தில், தப்பு முழங்க, பாடுவோர் பலர் ஒரே களத்தில் நிற்கின்றனர். ஒருவர் எடுக்கும் அடியை மற்றவர் தாங்குகிறார். அங்கே முதற் பரிசு இல்லை; பாட்டு அறுந்து போகாமை ஒன்றே குறி. தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராய் 1947-இல் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை இத்தகைய மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983-இல் நூலாய் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். அந்த ஒருவர் முயன்றிராவிடில் எத்தனை பாடல்கள் பாடினோரோடு போயிருக்கும்!

இளைஞர்களே, நமது விழாக்களில் ஓதுவார் மேடையின்மேல் இருக்கின்றார். கூத்து வாத்தியாரோ வீதியில் தப்புக்குப் பின்னே நடந்து, வாயிலோடு நின்றுவிடுகின்றார். அவருக்கு நாம் இன்னும் பக்கவாயிலே வைத்திருக்கின்றோம். தேவாரமும் தப்பும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடமும் வேளையும் உண்டு. ஆயின், பாடுவோனுக்குரிய மரியாதை ஒன்றே.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் ஓர் இரவைப் போட்டியில்லாத பொது மேடையாக்குவோம். பண்ணிசை பாடுவோரும், கூத்து வாத்தியாரும், புதிதாய்ப் பாட்டெழுதும் நம் பிள்ளைகளும் அதில் அடுத்தடுத்து இருக்கட்டும். பாடுமுன் பாட்டையும் பாட்டுக் கட்டியவர் பெயரையும் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். விடுமுறை நாள்களிற் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குச் சென்று, முதியோர் வாயிலுள்ள பாடல்களை, அவர்கள் சம்மதத்தோடும் பெயரோடும் எழுதிவைப்போம். கைத்தொலைபேசியிற் பதிவும் செய்வோம். அவற்றுள் சிலவற்றை இம்மலரிலே ஆண்டுதோறும் வெளியிடலாம்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டாம்; காலம் மட்டும் வேண்டும். அந்தக் காலமோ குறுகி வருகின்றது. பாடல் அறிந்த ஒரு பாட்டி மறைந்தால், ஓர் ஏடு எரிந்ததாகவே கொள்ளுதல் வேண்டும். மூத்தவர் பாடக் கதவு திறக்கட்டும். இளையவர் அருகிருந்து அப்பணியை நிறைவுசெய்யட்டும். திருவருள் துணை நிற்பதாக.