உச்சிக் கல்லை யார் வைப்பது?



உங்கள் பிள்ளைகள் கூடி மரக்கட்டைக் கோபுரம் அடுக்குவதைக் கவனியுங்கள். அடித்தளம் அகன்று, மேற்கட்டை கீழுள்ள இரண்டின் இணைப்பின்மீது அமர்ந்தால் அது நிற்கும். சாய்ப்பது பெரும்பாலும் உச்சிக் கட்டையை யார் வைப்பது என்ற இழுபறிதான்!

வெள்ளத்தால் சேதமுற்ற கஅபாவைக் குறைஷிகள் புதுப்பித்தபோதும் இதுவே நேர்ந்தது. சுவர்களைக் கோத்திரத்தார் பங்கிட்டுக் கட்டினர். ஹஜருல் அஸ்வதைப் பதிக்கும் கட்டம் வந்ததும் இரத்தம் சிந்தும் நிலை ஏற்பட்டது. அப்போது 35 வயதினரான நபி (ஸல்) அவர்கள் துணியொன்றில் கல்லை வைத்து, தலைவர்கள் அனைவரையும் ஓரங்களைப் பற்றித் தூக்கச் செய்து, பின்னர் தம் கரத்தால் பதித்தார்கள்.

உங்கள் மஹல்லாவில் பள்ளிவாசல் கல்வெட்டில் எவர் பெயர் முதலில் என்ற தகராறு உண்டா? இன்றைய ஜும்ஆ முடிந்ததும் அவ்விரு சாராரையும் ஒரே விரிப்பில் அமர்த்துங்கள்.