இல்லத்தைத் திருத்துமுன் இல்லத்தாரைக் கேளுங்கள்



பெங்களூரின் கிழக்குப் பகுதியான தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் என்றொரு பழங்கோயில் உண்டு. பெயரைக் கேட்டதும் மதுரைச் சொக்கர் நினைவுக்கு வருவார். ஆனால் இங்கே எழுந்தருளியிருப்பவர் திருமால். கல்வெட்டு அவரைச் சொக்கப்பெருமாள் என்கிறது. 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கு உள்ளன. சோழர் பாணியில் அமைந்த கருவறைக்கு முன்னே விசயநகரக் காலத்துத் தூண்கள் நிற்கின்றன. பின்வந்தோர் புதியன சேர்த்தனர். எனினும் கருவறை கருவறையாகவே இருக்கிறது.

வீட்டைத் திருத்துவோர்க்கும் இதுவே பாடம். எதை மாற்றலாம் என்று எண்ணுமுன், எதைக் காக்கவேண்டும் என்று தெளிதல் நன்று. வீட்டில் காக்கத்தக்கது, அதில் வாழ்வோரின் வாழ்க்கையே அன்றோ?

பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, 30 அடிக்கு 40 அடி மனையில் வீடு கட்டிக் குடியேறின. மொத்தம் 1,200 சதுர அடி. பிள்ளைகள் வளர்கின்றனர், ஊரிலிருந்து முதிய தாயார் வந்து சேர்கிறார், மருத்துவத்துக்கும் வேலைத் தேர்வுக்கும் உறவினர் வந்து தங்குகின்றனர். இடம் போதவில்லை. குடும்பத் தலைவர் மேஸ்திரியை அழைக்கிறார். மாடி எழுப்பித் தாம் அங்கே குடியேறுவது, கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவது என்பது திட்டம். வாடகை கடனை அடைக்கும், கணக்குச் சரிதான். ஆனால் முழங்கால் வலியுள்ள தாயார் மாடி ஏறினால் எளிதில் இறங்கமாட்டார். கீரைக்காரியோடு பேசுவதும், அரைகுறைக் கன்னடத்தில் அண்டை வீட்டாரை நலம் விசாரிப்பதும், மாலையில் கோயிலுக்குச் செல்வதும் நின்றுபோகும். அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே, வரைபடத்தில் ஒரு கோடு இடுமுன் வீட்டார் ஒவ்வொருவரையும் கேளுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால், "உன் விருப்பம்" என்று தாயார் சொல்லிவிடுவார். "நேற்று விடிந்தது முதல் இரவு வரை, வீட்டில் எங்கெங்கே இடர்ப்பட்டீர்கள்?" என்று கேளுங்கள். குளியலறைப் படியைத் தாயார் சொல்வார். சமையல் மேடையின் உயரத்தை மனைவி சொல்வார். படிக்க ஒரு மூலை இல்லாததைப் பிள்ளை சொல்லும். மிகக் குறைவாகப் பேசுபவர்தாம் பல வேளைகளில் வீட்டில் மிகுதியான நேரம் இருப்பவர். கேரளத்தில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), குடியிருப்போரின் தேவையையும் வழக்கத்தையும் அறிந்து வீடு அமைத்தவர்.

அடுத்துச் சில அளவுகள். சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல, வாயிலின் திறப்பு 90 சென்டிமீட்டர் இருத்தல் நலம். சாய்தளம் அமைப்பதானால் ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். சிறு மனையில் இதற்கு முன்னரே இடம் ஒதுக்கவேண்டும். படியின் உயரம் 15 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் முதியோர்க்கு எளிது. குளியலறைக்கு வழுக்காத தரையும் சுவரில் கைப்பிடியும் இன்றியமையாதன.

அறையைப் பெரிதாக்கச் சுவரை இடிக்குமுன் எச்சரிக்கை தேவை. பழைய வீடுகள் பலவற்றில் தூண்கள் இல்லை; செங்கற்சுவரே கூரையைத் தாங்குகிறது. எந்தச் சுவர் சுமை தாங்குகிறது, அடித்தளம் இன்னொரு மாடியைப் பொறுக்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரே ஆய்ந்து சொல்லவேண்டும். மாநகராட்சியின் ஒப்புதலும் வேண்டும்.

நீரையும் மறவாதீர்கள். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் விழுவது சுமார் 90,000 லிட்டர். 2024ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீருக்குத் தவித்த நகரில், அந்த நீரைத் தொட்டிக்கு இட்டுச்செல்லும் குழாயை வேலை நடக்கும்போதே பதிப்பது அறிவுடைமை.

நான் அறிந்த ஒரு குடும்பத்தார் தம் திட்டத்தைத் திருப்பிப்போட்டனர். கீழ்த்தளத்தில் தாம் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டனர். வாடகை சற்றுக் குறைந்தது. கடன் அடைய இன்னும் ஓராண்டு கூடுதலாகும். தாயார் மட்டும் நாள்தோறும் காலையில் வாசற்படியில் அமர்ந்து, கீரைக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்.