அச்சத்தில் பிறந்த ஆயுதம்



பகவான் மகாவீரரின் ஜன்ம கல்யாணத் திருநாளாகிய இன்று அகிம்சை குறித்து உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். அகிம்சையின் பெருமையை இம்மேடையில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். இவ்வாண்டு இம்சை எவ்வாறு தோன்றி, எவ்வாறு வளர்கிறது என்பதை ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் வாயிலாகக் காண விழைகிறேன். முதல் அணுகுண்டு எதற்காக, அதுவும் ஒரு பெரும் போரின் நடுவே, உருவாக்கப்பட்டது என்பதே என் பொருள்.

இதற்குக் காரணமாக அமைந்தவள் நம் பாடசாலையில் பயிலும் ஒரு மாணவி. "அணுகுண்டு செய்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களா, ஐயா?" என்று ஒரு நாள் கேட்டாள். "இல்லையம்மா" என்றேன். "அப்படியானால் ஏன் செய்தார்கள்?" என்று உடனே கேட்டாள். அன்று நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

நம் ஆசாரியர்கள் இம்சையை நால்வகைப்படுத்தினர். வேண்டுமென்றே எண்ணித் துணிந்து செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லற வினைகளில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகி. தாக்க வருபவனிடமிருந்து தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி. துறவியர்க்கு நான்கும் விலக்கு. இல்லறத்தார் சங்கல்பியை முற்றும் விலக்க வேண்டும்; ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். அணுகுண்டின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இந்தப் பாகுபாடே என் நினைவுக்கு வருகிறது.

1938ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெர்லின் நகரில் ஓட்டோ ஹான், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்னும் இருவர், யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியபோது அதைவிட மிக இலேசான பேரியம் தோன்றக் கண்டனர். ஹானுடன் பல்லாண்டுகள் பணியாற்றிய லீசா மைட்னர் என்னும் பெண் விஞ்ஞானி, யூத மரபில் பிறந்தவர் என்பதனால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடனில் அடைக்கலம் புகுந்திருந்தார். அவரும் அவருடைய சகோதரியின் மகன் ஓட்டோ ஃபிரிஷும் அணு இரண்டாகப் பிளந்தது என்று விளக்கம் கண்டனர். பிளவின்போது மேலும் நியூட்ரான்கள் வெளிவருமாயின் அவை பிற அணுக்களைப் பிளக்கும். தொடர்வினை ஏற்பட்டுப் பேராற்றல் வெளிப்படும். இது சில திங்களுக்குள் உலகெங்கும் உள்ள இயற்பியலாளர்க்குத் தெரிந்துவிட்டது.

இதனை அறிந்து முதலில் நடுங்கியவர்கள் இட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி ஓடிவந்த அகதி விஞ்ஞானிகளே. ஹங்கேரியில் பிறந்த லியோ சிலார்ட் அவர்களுள் ஒருவர். பிளவு கண்டறியப்பட்டது ஜெர்மனியின் தலைநகரில். செக்கோஸ்லோவாக்கியாவின் யுரேனியச் சுரங்கங்களும் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தன. இட்லர் முதலில் இக்குண்டைப் பெற்றுவிட்டால் உலகம் என்னாகும்? இந்த அச்சத்தோடு சிலார்ட் ஐன்ஸ்டைனை அணுகினார். 1939 ஆகஸ்டு 2ஆம் நாளிட்ட கடிதம் ஒன்றில் ஐன்ஸ்டைன் கையொப்பமிட, அது அக்டோபர்த் திங்களில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் சேர்ந்தது. அதற்குள் ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது.

பிர்மிங்காமில் இருந்த ஃபிரிஷும் ருடால்ஃப் பைர்ல்ஸும் அகதிகளே. பகை நாட்டிலிருந்து வந்தோர் என்பதனால் ரேடார் போன்ற இரகசியப் பணிகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. கிடைத்த ஓய்வில் அவர்கள் கணக்கிட்டுப் பார்த்து, யுரேனியம் 235 சிறிதளவு இருந்தாலே குண்டு செய்ய இயலும் என்று 1940 மார்ச்சில் ஓர் அறிக்கை எழுதினர். அத்தகைய குண்டைப் பொதுமக்கள் பெருந்தொகையினரைக் கொல்லாமல் பயன்படுத்த முடியாது என்பதையும், அதனால் அது பிரிட்டன் பயன்படுத்தத் தகாத ஆயுதமாகலாம் என்பதையும் அதே அறிக்கையில் குறித்தனர். எனினும் ஜெர்மனியிடம் அது இருக்கக்கூடும் எனில், எதிர்த்து அச்சுறுத்த நம்மிடமும் ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே அவர்தம் முடிவு.

அன்பர்களே, இதுவரை நாம் கண்டது விரோதி இம்சையின் எல்லைக்குள் அடங்குவது. இலட்சக்கணக்கான யூத மக்களைக் கொன்று குவிக்கவிருந்த ஓர் ஆட்சிக்கு அவர்கள் அஞ்சியதைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

ஆயினும் அச்சம் மட்டும் குண்டைச் செய்துவிடவில்லை. 1940இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு இவ்வாராய்ச்சிக்கு அளித்த தொகை வெறும் 6,000 டாலர். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு, அமெரிக்கா போரில் இறங்கிய பின் நிலை மாறியது. 1942இல் மன்ஹாட்டன் திட்டம் இராணுவத்தின் பொறுப்பில், தளபதி குரோவ்ஸின் கீழ் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு முதல் தொடர்வினையை நிகழ்த்தியது. ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைப் பிரித்தெடுக்கவும், ஹான்ஃபோர்டில் புளுட்டோனியம் ஆக்கவும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. லாஸ் அலமோஸ் மேட்டுநிலத்தில் ஓப்பன்ஹைமர் தலைமையில் குண்டு வடிவமைக்கப்பட்டது. ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவாயிற்று. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குத் தாம் செய்வது இன்னது என்றே தெரியாது.

அமைதிக் காலத்தில் எந்நாடும் பயன் உறுதியில்லாத ஒரு முயற்சிக்கு இவ்வளவு பொருளைக் கொட்டியிராது. எந்த வழி பலிக்கும் என்று தெரியாத நிலையில் எல்லா வழிகளையும் ஒருங்கே முயலவும், செலவை மக்கள் மன்றத்தின் கண்ணுக்கு மறைக்கவும் போர்தான் இடங்கொடுத்தது. "இது தகுமா?" என்று கேட்க வேண்டியவர்களை "முதலில் செய்து முடிப்போம்" என்று சொல்ல வைத்ததும் போரே.

இனி என் உரையின் நடுவான செய்திக்கு வருகிறேன். 1944 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரை நேச நாட்டுப் படைகள் கைப்பற்றியபோது, ஜெர்மனியின் அணு ஆராய்ச்சியைத் துப்பறியச் சென்ற குழுவினர் அங்கிருந்த விஞ்ஞானிகளின் தாள்களைக் கண்டெடுத்தனர். அக்குழுவின் அறிவியல் தலைவர் சாமுவேல் கௌட்ஸ்மிட். ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை, அண்மையில் செய்யவும் இயலாது என்று அத்தாள்களிலிருந்து அவர் தெளிந்தார். 1942இலேயே ஜெர்மனி பெருமுயற்சியைக் கைவிட்டிருந்தது. ஐந்தாண்டுகளாக எதைக் கண்டு அஞ்சினார்களோ, அது அங்கு இல்லை.

காரணம் நீங்கியது, காரியம் நிற்கவில்லை. 1944 செப்டம்பரிலேயே ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும், தீர ஆராய்ந்தபின் குண்டை ஜப்பானியர் மீது பயன்படுத்தலாம் என்று உடன்பட்டிருந்தனர். 1945 மே மாதத்தில் ஜெர்மனி சரணடைந்த பிறகு லாஸ் அலமோஸில் வேலை முன்னிலும் விரைந்தது. அங்கு பணியாற்றிய ராபர்ட் வில்சன், அன்று வேலையை விட்டுப் போக வேண்டும் என்ற எண்ணமே தமக்குத் தோன்றவில்லை என்று பின்னாளில் வருந்திக் கூறினார்.

ஒருவருக்கு மட்டும் தோன்றியது. போலந்து நாட்டு இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட், இட்லரைத் தடுத்து நிறுத்த வேறு வழியில்லை என்று எண்ணி இத்திட்டத்தில் சேர்ந்தவர். வார்சாவில் சிக்கிக்கொண்ட தம் மனைவியை அவர் மீண்டும் காணவே இல்லை. ஜெர்மனி மீது பகை கொள்ள அவரைவிடக் காரணம் மிக்கவர் சிலரே. ஆயினும் ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று அறிந்தவுடன், தாம் வந்த காரணம் தீர்ந்தது என்று கூறி, 1944ஆம் ஆண்டின் இறுதியில் லாஸ் அலமோஸை விட்டு நீங்கினார். அவரை ஒற்றர் என்று ஐயுற்றனர். நீங்கும் காரணத்தை உடன் பணியாற்றியோரிடம் சொல்லலாகாது என்றும் விதித்தனர். பின்னர் அவர் மருத்துவத்துக்குப் பயன்படும் இயற்பியலில் ஈடுபட்டார். அணு ஆயுத ஒழிப்புக்காக வாழ்நாள் முழுதும் உழைத்து, 1995இல் பக்வாஷ் அமைப்புடன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வேறு சிலரும் விழித்துக்கொண்டனர், ஆனால் காலங்கடந்து. முதலில் அஞ்சி ஓடிய அதே சிலார்ட், 1945 ஜூலை 17ஆம் நாள் எழுபது விஞ்ஞானிகளின் கையொப்பத்தோடு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். குண்டு வீசப்படும் முன் அது அதிபர் ட்ரூமனின் கைக்குச் சேரவில்லை. ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், 9ஆம் நாள் நாகசாகியிலும் குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். குழந்தைகளும் முதியோரும் அவர்களுள் அடக்கம். மரமும் பறவையும் புழுவும் பூச்சியுமாக மாண்ட உயிர்களைக் கணக்கிட்டார் எவருமில்லை.

போரை விரைந்து முடித்துப் பல உயிர்களைக் காக்கவே குண்டு வீசப்பட்டது என்பார் உண்டு. அவ்வழக்கைத் தீர்ப்பது இன்று என் நோக்கமன்று. ஜெர்மனியின் குண்டுக்கு அஞ்சித் தொடங்கப்பட்ட ஆயுதம், குண்டே இல்லாத வேறொரு நாட்டின் நகரங்கள் மீது விழுந்தது. விரோதியாகத் தொடங்கியது சங்கல்பியாக முடிந்தது. இது எந்த நாளில், எவர் கையெழுத்தால் மாறியது என்று ஒருவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

நம் ஆகமங்கள் அச்சத்தை ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்றாக வைத்தன. அச்சம் தனித்து நிற்பதில்லை. திறமையைப் பற்றிய மானமும், செலவிட்டது வீணாகலாகாது என்னும் லோபமும் அதனோடு வந்து சேர்ந்துகொள்கின்றன. அச்சம் நீங்கிய பின்னும் அவை வினையை நடத்திச் செல்கின்றன. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையே என்று நாம் கற்றிருக்கிறோம். கடிதத்தில் கையொப்பமிட்டும் மன்ஹாட்டன் திட்டத்தில் சேராத ஐன்ஸ்டைன், ஜெர்மனியால் இயலாது என்று தெரிந்திருந்தால் அதில் கையொப்பமிட்டிருக்கமாட்டேன் என்று பின்னாளில் வருந்தியது இதனாலேயே.

இவ்வாறு வினை வழிமாறாதிருக்க நம் முன்னோர் வகுத்த பயிற்சியே பிரதிக்கிரமணம். நாள்தோறும் திரும்பி நின்று, தொடங்கிய காரணம் இன்னும் இருக்கிறதா என்று வினவுதல். ரோட்பிளாட் நம் சமயத்தவர் அல்லர், அச்சொல்லையும் அறிந்திரார். ஆயினும் அவர் செய்தது அதுவே.

நம் இல்லங்களிலும் தற்காப்புக்காகத் தொடங்கிய பகைகள் உண்டு. பங்காளியோடு வழக்கு, கூட்டாளியோடு பிணக்கு, அண்டை வீட்டாரோடு பேச்சின்மை. தொடங்கிய நாளில் காரணம் இருந்திருக்கும். இன்றும் இருக்கிறதா என்று இன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அமரும்போது ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்த மாணவிக்கு நான் கூறவேண்டிய விடையும் இதுதான். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், அம்மா. நல்ல காரணத்தோடு தொடங்கினார்கள். காரணம் தீர்ந்தபோது நிறுத்த மறந்தார்கள். நீ மறவாதிரு.

வாழ்க அறம். ஜெய் ஜினேந்திரா.