ஊரின் விலாசம் அறிந்தவர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



திருவள்ளுவர் தூது என்று தனி அதிகாரம் வகுத்தார். அது அரசர்க்காகச் செல்லும் தூதரைப் பற்றியது. எளிய குடிமக்களுக்குத் தூதராய் இருந்தவர் யார்? காக்கி உடுப்பும் தோற்பையுமாக, ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிள் மிதித்த தபாற்காரரே. காங்கேசன்துறையில் அப்பணி செய்தோரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் வடபகுதிக்குத் தபால் வந்துசேர்வதே பெரும்பாடு. 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு உத்தியோகமாகி வந்த லெனாட் வூல்வ், அநுராதபுரத்துக்கு அப்பால் வந்த ‘தபால் வண்டி’ வெறும் மாட்டுவண்டியே என்றும், பிரயாணிகள் தபாற்பைகளின் மேற் படுத்து வந்தனர் என்றும் எழுதியிருக்கிறார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திற் கொழும்பிலிருந்து எங்கள் துறைவரை புகையிரதப் பாதை முழுமையாயிற்று. பின்னாளில் இரவுத் தபால் வண்டி கொழும்பிற் கட்டிய பைகளை இங்கே கொண்டுவந்தது.

ஆனால் புகையிரதம் ஸ்ரேசனோடு நின்றுவிடும். படலைவரை வந்தவர் தபாற்காரர். மலாயாவில் உத்தியோகம் பார்த்த பிள்ளைகளின் காசுக்கட்டளையால் அடுப்பெரிந்த வீடுகள் யாழ்ப்பாணத்திற் பல. ‘காசுக்கட்டளைப் பொருளாதாரம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. வீட்டிலக்கமில்லாத ஒழுங்கையில் ஒரே பெயருடையவர் மூவர் இருந்தால், எக்கடிதம் எவருக்கு என்பதைத் தகப்பன் பெயரின் முதலெழுத்தால் அறிந்தவர் அவர். எழுத்தறியாதவர்க்கு வாசித்துக் காட்டுவார். வாசித்ததை அடுத்த வீட்டிற் சொல்லமாட்டார்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது. மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. விலாசம் இருந்தது, அங்கே வீட்டார் இல்லை. ஆட்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர், அவர்களுக்கு விலாசம் இல்லை. அந்நாளிற் கடிதவுறையின் பெயரைக் கண்டதும், “இவர் இன்னாருடைய மகன், இன்ன இடத்தில் இருக்கிறார்” என்று சொல்லக்கூடியவர் ஊரறிந்த தபாற்காரரே.

2015ஆம் ஆண்டு சனவரியில் புகையிரதம் மீண்டும் இங்கு வந்தது. காணிகளும் படிப்படியாக விடுபட்டன. எனினும் பல ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்தன, வேலிகள் அழிந்தன. இடப்பெயர்வுக்குப் பின் பிறந்த எங்களிற் பலருக்கு ஊர் என்பது காணியுறுதியில் உள்ள பெயராகவே இருந்தது. எந்தப் படலைக்குள் எந்தக் குடும்பம் வாழ்ந்தது என்பதை நாள்தோறும் நடந்து அறிந்தவர்கள் இன்று முதுமையெய்தி வருகின்றனர். அவர்கள் மறைந்தால் ஊரின் ஒரு பகுதியும் அவர்களோடு மறையும்.

ஆகையால் இளைஞர்களாகிய நாங்கள் ஒரு வேலையை மேற்கொள்ள வேண்டும். இளைப்பாறிய தபாற்காரர்களின் வீடுகளுக்குச் செல்வோம். அவர்கள் காலமாகியிருப்பின் பிள்ளைகளைக் காண்போம். பெயர், சேவைசெய்த ஆண்டுகள், சுற்றிவந்த பாதை ஆகிய மூன்றையும் கேட்டெழுதுவோம். அப்பாதைகளைப் படமாக வரைந்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். அவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதும் நன்றே. ஆனால் அவர்கள் சொல்வதை இருந்து கேட்பது அதனினும் நன்று.

பெரியோர்களே, உங்கள் படலையில் மணியடித்தவரின் பெயர் நினைவிருக்கிறதா? இன்று வீடு செல்லுமுன் அதை எங்களிடம் சொல்லிச் செல்லுங்கள். குறிப்புப் புத்தகம் வாசலில் இருக்கும்.